பேர் போடாத கிளிப்பை ஸ்டெல்லா தொடமாட்டாள்

"ஸ்டெல்லா போயிட்டா" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும், நாங்கள் சிரிக்கிற பொம்மைகளைத்தான் அனுப்பினோம். எதையும் மீமாக்கிப் பழகிய கும்பல். புது வீடியோவுக்கு அவளே விளம்பரம் செய்கிறாள் என்று நினைத்துவிட்டோம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து அவள் தம்பி போன் செய்து அழுதபோதுதான் உறைத்தது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பாவிகள், சிரித்துவிட்டோம்.

அவள் வேலை உங்களுக்குத் தெரியும். வீடியோ கேம் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் செய்யும் குட்டி அனிமேஷன்களைத் தேடிப்பிடித்து, நம் ஊர்ப் பேச்சில் தானே குரல் கொடுத்து, ஒரே வீடியோவாகக் கோப்பாள். ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னால் செய்தவர் பேரும் ஊரும் திரையில் வந்தாக வேண்டும். செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் கிளிப்பானாலும் தூக்கிப் போட்டுவிடுவாள். "பேரில்லாத கிளிப்பு அனாதப் பொணம் மச்சி. நம்ம வீடியோல வேணாம்" என்பாள்.

என் முதல் அனிமேஷனில் கோட்டைக் காவலன் ஒருவன் நடப்பான். முகம் மட்டும் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும்! எவனோ அதை மீமாக்கி மானத்தை வாங்கினான். அழித்துவிடப் போனேன். "இன்னாத்துக்கு அழிக்கிற? ஊரே சிரிச்சுகினு கீது. உன் பேரைப் பெருசா போடு" என்று திட்டினாள். அடுத்த தொகுப்பில் முதல் கிளிப்பே என்னுடையதுதான். என் பேருக்குக் கீழே 'அச்சரப்பாக்கம்' என்றும் போட்டிருந்தாள். அன்று முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம், கூடுவாஞ்சேரியில் அவள் தங்கியிருந்த அறையைக் காலி செய்ய அவள் அம்மாவோடு பேருந்தில் போனேன். பின்சீட்டுக்காரர் போனில் ஒரு பேய் அதட்டியது: "இன்னா நைனா, வூட்ல சொல்லிகினு வந்தியா?" ஸ்டெல்லாவின் குரல். யாரோ வெட்டியெடுத்து, பேர் இல்லாமல் சுற்றவிட்ட மீம். அம்மா விருட்டென்று திரும்பினார். நானும் திரும்பி அவரைக் கேட்டேன்.

"சார், இது யார் குரல் தெரியுமா?"

"மீமு சார். யாரா இருந்தா இன்னா?"

"ஸ்டெல்லா! சதுரங்கப்பட்டினம்!" பேருந்தே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவளிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பிடிவாதம்தான். இதை விடமாட்டேன்.

அம்மா அவர் பக்கம் குனிந்தார். "என் பொண்ணுப்பா அது. இன்னொரு வாட்டி போடு."