மூன்று கோப்பையிலும் தேவதாரு

அந்த ஹோட்டலில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடும்பத்திலேயே முதலில் கல்லூரிப் படி ஏறியவள் என்று அங்கேயே கோப்பை கழுவும் அவளுடைய அம்மா தம்பட்டம் அடித்து வைத்திருந்ததால், சமையலறை முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் 'டிகிரி'. தாவரவியல் படித்துவிட்டுத் தட்டு தூக்குகிறாள் என்பதுதான் அந்தப் பெயருக்குள் இருந்த கேலி. அது அவளுக்கும் புரியாமல் இல்லை.

அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. அந்த நேரம் பார்த்து, ஒயின் பரிமாறும் வேலை ஒன்று காலியானது. போட்டிக்கு நின்றவர்கள் இரண்டே பேர்: டிகிரியும், பன்னிரண்டு வருடமாக அங்கே பரிமாறும் மீசைக்காரரும். மூன்று கோப்பைகளில் மூன்று சிவப்பு ஒயின் இருக்கும். அவற்றில் கேபர்னே சோவின்யோன் என்ற திராட்சையில் செய்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு விருந்தினருக்குச் சொல்வதுபோல அதை விளக்க வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

இரண்டு வாரம் விழுந்து விழுந்து படித்தாள். கேபர்னே திராட்சைக்குச் சிறிய மணி, தடித்த தோல்; நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான் வருகின்றன. இதெல்லாம் தாவரவியல், தலையில் சட்டென்று உட்கார்ந்தது. மூக்குதான் மக்கர் செய்தது. பிளாக்கரன்ட் வாசம் என்றது புத்தகம். அந்தப் பழத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. தேவதாரு மரத்தின் வாசம் என்றது. அது பென்சில் சீவும்போது வருவது என்று யாரோ சொன்னதால் பிழைத்தாள். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிவிட்டு வருவதற்குத்தானா மூன்று வருடம் படித்தோம் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பயிற்சிக்குக் கொடுத்த ஒயினின் முதல் வாயைச் சமையலறைத் தொட்டியில் துப்பிவிட்டாள். அடுப்பில் மறந்துபோய் வெகுநேரம் கொதித்த டீ போல ஈறைப் பிடித்து இழுத்தது.

"இதையா அண்ணே ஆசை ஆசையாக் குடிக்கிறாங்க?"

சமையற்காரர் வறுத்த இறைச்சியின் கொழுப்போரத்தை வெட்டி நீட்டினார். "இதைத் தின்னுட்டுக் குடி, டிகிரி. அது தனியா நிக்கிற ஆள் இல்ல."

தின்றுவிட்டுக் குடித்தாள். ஈறில் இருந்த பிடி தளர்ந்தது. துவர்ப்பு விலகிய இடத்தில் கறுத்த பழத்தின் ருசி எழுந்து, தண்ணீர் குடித்த வாயில் பால் பட்டதுபோலக் கனமாக நின்றது. நறுக்கிய குடைமிளகாயின் வாசம்கூட லேசாக அடித்தது. சிரிப்பார்களே என்று அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வுக்குக் கோப்பைகளை எடுத்து வைக்கும் பொறுப்பு அவளுடையது. முந்தின நாளே, தூசி விழக் கூடாதென்று, புதிதாக வந்திருந்த மர அலமாரிக்குள் எல்லாவற்றையும் வாய் கவிழ்த்து அடுக்கிப் பூட்டினாள்.

மறுநாள் காலை மேலாளர் அந்தக் கோப்பைகளில் ஊற்றி, இருவர் முன்னாலும் மும்மூன்றாக வைத்தார். டிகிரி முதல் கோப்பையை முகர்ந்தாள். பென்சில் சீவல்! தேவதாருவேதான். சீட்டில் 'ஒன்று' என்று எழுதினாள். இரண்டாவதை முகர்ந்தால் அதிலும் அதே மரம். மூன்றாவதிலும் மரம். வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். தண்ணீரும் மரமாக வாசம் அடித்தது.

அலமாரி! புதுத் தேவதாரு மரத்தின் வாசம் கவிழ்ந்த கோப்பைகளுக்குள் ஒரு நாள் முழுக்க அடைந்து கிடந்திருக்கிறது.

மூக்கைக் கைவிட்டு நாக்கை நம்பினாள். முதலாவது லேசாக ஓடியது. இரண்டாவது வழவழவென்று இருந்தது. மூன்றாவது ஈறைப் பிடித்து இழுத்தது. 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு 'மூன்று' என்று எழுதினாள்.

மீசைக்காரர் எதையும் வாயில் வைக்கவில்லை. "மூக்கு போதும் மேடம் நமக்கு. முதல் கோப்பைதான். தேவதாரு என்னமாத் தூக்குது!"

சும்மா இருந்தால் வேலை அவளுக்கு. ஆனால் அவரைக் கவிழ்த்தது அவருடைய மூக்கு அல்ல, அவளுடைய அலமாரி.

"மேடம், கோப்பையெல்லாம் கெட்டுப்போச்சு. நான்தான் அலமாரியில கவுத்து வச்சேன். தண்ணியை மோந்து பாருங்க."

மேலாளர் முகர்ந்தார். முகம் சுருங்கியது. "படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது?"

"அடிப்பாவி! என் பன்னெண்டு வருஷ மூக்கைக் கவுத்துட்டியே!" என்றார் மீசைக்காரர்.

அம்மா புதிதாகக் கழுவிய கோப்பைகளை ஈரம் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். ஒயின்களை இடம் மாற்றி ஊற்றினார்கள். இம்முறை இருவருமே சரியாகச் சொன்னார்கள். விளக்கம் சொல்லும்போது மீசைக்காரர் பொழிந்து தள்ளினார். டிகிரி குடைமிளகாய் என்றாள், கொதித்த டீ என்றாள், கொழுப்புள்ள இறைச்சியோடு குடித்தால்தான் பிடிக்கும் என்றாள். மேலாளர் குடைமிளகாய்க்குச் சிரித்தார், இறைச்சியைக் குறித்துக்கொண்டார்.

வேலை மீசைக்காரருக்குப் போனது. டிகிரிக்கு ஒப்பந்தம் மூன்று மாதம் நீண்டது. "கோப்பைப் பொறுப்பும் உன்னோடதுதான். எல்லாத்தையும் திரும்பக் கழுவு. முதல்ல அந்த அலமாரியை வெளியே தள்ளு" என்றார் மேலாளர்.

கழுவும் அறையில் அம்மா பொரிந்தாள். "வாயை மூடிட்டு இருந்திருந்தா வேலை உனக்குத்தானேடி?"

"ஆமாம்மா."

"பின்ன எதுக்குடி அரிச்சந்திர வேஷம்?"

"பின்னாடி தெரிஞ்சா, கோப்பையைச் சரியாக் கழுவலன்னு உன்னைத்தானே பிடிப்பாங்க?"

அம்மா அடுத்த கோப்பையைக் கையில் எடுத்தாள். அதற்காகத்தான் சொன்னோமா, மீசைக்காரருக்காகவா என்று டிகிரிக்கே விளங்கவில்லை.

ஆறேழு கோப்பை கழுவிய பிறகு அம்மா கேட்டாள்: "பத்தொம்பது வருஷமா இதைக் கழுவி ஊத்தறேன். அப்படி என்னதான்டி இருக்கு இதுல?"

தேர்வில் மிஞ்சிய கேபர்னேயை டிகிரி நல்ல கோப்பை ஒன்றில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த அம்மாவின் முகம் அஷ்டகோணலானது. "கஷாயம்டி இது! இதுக்கா ரெண்டு வாரம் உருப்போட்ட?"

டிகிரி சமையலறைக்கு ஓடி, கொழுப்போரம் ஒரு துண்டு வாங்கி வந்தாள். "இதைத் தின்னுட்டுக் குடி."

அம்மா மென்றாள், குடித்தாள். மிச்சத்தையும் குடித்து முடித்தாள். பிறகு கோப்பையை நீட்டினாள்.

"குடைமிளகா எல்லாம் ஒண்ணும் காணோம். இன்னும் கொஞ்சம் ஊத்து, பாக்கறேன்."