திண்மத்துக்கும் திரவத்துக்கும் நடுவில் ஹைட்ருன்

போடன் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் யாருடைய கட்டுரை ஏற்கப்படுகிறதோ, அவர் மாலைக் காப்பிக்குக் கேக் கொண்டுவர வேண்டும். அந்த வருடம் மூன்றாவது முறையாக ஆன்ஸ்கார் பிளம் கேக்கோடு வந்து நின்றான்.

"ஒரு துண்டு எடுத்துக்கோ, ஹைட்ருன்."

"உன் கேக்கத் தின்னே குண்டாயிட்டேன். போதும்ப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். ஹைட்ருன் சிரிக்கவில்லை. அவள் இன்னும் ஒரு கேக்கும் கொண்டுவந்ததில்லை.

அவளுடைய வேலை அப்படி. கண்ணாடி வளையத்தில் ஒரு நீர்த்துளி தொங்கும். கண்ணுக்குத் தெரியாத காந்த மணிகள் அதன் அடிப்பரப்பில் இறங்கி ஒரே அடுக்காகப் பரவும். காந்தப் புலத்தைக் கூட்டினால் மணிகள் உறைந்து படிகமாகும், குறைத்தால் உருகும். துளியின் பரப்பு சமமாவதற்கே வாரக்கணக்கில் ஆகும். மேசையில் யாராவது இடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே மணிகளைக் கணக்காக ஓட்டிப் பார்க்கும் ஆன்ஸ்காருக்கோ கணினி போதும்.

திண்மத்துக்கும் திரவத்துக்கும் நடுவில் குறுகலான ஒரு மூன்றாம் நிலையை அவள் பார்த்திருந்தாள். அங்கே மணிகள் தம் இடத்தை இழந்துவிடும். ஆனால் அண்டை மணிகள் நிற்கும் திசைகளின் ஒழுங்கு மட்டும் கலையாது. ஆன்ஸ்காரின் கணினி அப்படி ஒன்று இல்லை என்றது. திரவத்தில் படிகத் தீவுகள் மிதக்கின்றன, அவ்வளவுதான் என்றது. பேராசிரியர் கெஸ்லர் அதை நம்பி, நிலை வரைபடத்தில் திண்மத்தையும் திரவத்தையும் பிரிக்க ஒரே கோடு போட்டார். அந்தக் கோடு நின்றால் ஹைட்ருனின் ஆய்வேடு செத்தது.

அவனை முந்த வேண்டும் என்ற வெறியில் அவள் புலத்தை மளமளவென்று ஏற்றினாள். திரையில் வந்தவை தீவுகள். அவளுடைய மணிகளே அவன் பக்கம் சேர்ந்துகொண்டன.

அழித்துவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு ஆய்வகக் கூட்டத்தில் அதையே போட்டுக் காட்டினாள்.

"பாத்தியா!" என்றான் ஆன்ஸ்கார்.

"பாத்தேன். அவசரப்பட்டு உறைய வச்சேன், அதான் துண்டு துண்டா நிக்குது. நீ எவ்வளவு நேரம் பொறுத்த?"

அவன் கெஸ்லரைப் பார்த்தான். "கணினி நேரம் கம்மியாத்தானே குடுத்தாங்க..."

இருவரும் மெதுவாகத் திரும்பச் செய்தார்கள்; அவளுக்கு மாதக்கணக்கில் ஆனது. துளியிலும் கணினியிலும் நடு நிலை வந்தது. கோடு இரண்டானது.

கட்டுரையில் ஆன்ஸ்காரின் பெயரை முதலில் எழுதினார் கெஸ்லர். "அவன் படம்தான் பளிச்சுனு இருக்கு" என்பது அவர் சொன்ன காரணம். முதலில் கண்டவளைவிட அழகாக வரைந்தவன் உசத்தி என்பது என்ன நியாயம்? நாங்கள் பத்துப் பேரும் குறிப்பேட்டைப் புரட்டினோம்.

ஹைட்ருன் மட்டும் எழுந்தாள். "அப்ப நான் அளந்த புள்ளிகள எல்லாம் எடுத்துட்டு அனுப்புங்க, ஹெர் கெஸ்லர். வெறும் கணக்க யாரு நம்புறாங்கன்னு பாப்போம்."

கெஸ்லர் பெயர்களை மாற்றினார்.

ஆன்ஸ்கார் கை கொடுத்தான். மனதாரத்தான் கொடுத்தான். "உனக்குத்தான் சேரணும்."

"மறுபடி ஓட்ட உனக்கு எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வாரம்."

கையை இழுத்துக்கொண்டாள். "ஒரு வாரமா? நாசமாப் போ!" என்று சொல்லிவிட்டு, துளி இன்னும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.