கூஜாவும் கொட்டடியும்

குடிக்கக் கொண்டுவந்த கூஜாத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்க்கிறார் ஓவர்சியர் அருளப்பன். உச்சி வெயில். நான் குடையோடு பக்கத்தில் நிற்கிறேன். எந்த இடத்தைக் காட்டினாலும் நான்கு மாதமாக இதே வேடிக்கைதான்.

எங்கள் ஊருக்கு ஒரு மராமத்துக் கொட்டடி வேண்டும். குப்பை வண்டி, தண்ணீர் வண்டி, பன்னிரண்டு ஜோடி மாடு, தார்ப் பீப்பாய் எல்லாம் மழையில் நனைகின்றன. சர்க்கார் ஒதுக்கியது இரண்டாயிரத்து நானூறு ரூபாய். மார்ச் முப்பத்தொன்றுக்குள் இடமும் எஸ்டிமேட்டும் முடிவாகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். நகரசபை மெம்பர் என்ற முறையில் பொறுப்பு என் தலையில். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைப் போட்டுவிட்டுப் பருத்திப் பொதி சுமந்தவன் நான். இன்று என் ஆலையில் பருத்திக் கொட்டை நீக்கும் ஜின் மிஷின் ஆறு ஓடுகிறது. அந்த ஆலைக் கட்டடத்துக்கு இடம் பார்க்க எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆனது.

இவருக்கோ ஒரு மாடு எவ்வளவு இடம் அடைக்கும் என்று பார்க்கவே ஒரு நாள். வண்டிக்கார வீரணனின் மாடு படுக்கிறவரை காத்திருந்து, வாலோடு சேர்த்து டேப் பிடித்தார்.

"வாலைச் சுருட்டிக்கிடும்யா. அதுக்கு எதுக்கு அளவு?" என்று சிரித்தான் வீரணன்.

"நீ என்னைக்காவது ராவெல்லாம் காலை மடக்கிக்கிட்டே தூங்கியிருக்கியாலே?" என்று கேட்டுவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

மடவார் வளாகம் பக்கம் ஓர் இடம் காட்டினேன். வண்டி திரும்பாது என்றார். கண்மாய்க் கரையோரம் காட்டினேன். ஊற்றிய தண்ணீர் நகரவே இல்லை என்றார். கடைசியில், பருத்தி மூட்டை அடுக்கும் என் கிட்டங்கிக்குப் பக்கத்தில் நாற்பது சென்ட் நிலத்தைச் சும்மாவே எழுதித் தருகிறேன், காலணா வேண்டாம் என்றேன். வேறொருவன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இவர் கூஜாவைத் திறந்தார்.

தண்ணீர் நெளிந்து நெளிந்து கீழ்ப்பக்கத்துப் பொதுக் கிணற்றைப் பார்த்து ஓடியது.

"முதலாளி, இருபத்திநாலு மாட்டு மூத்திரமும் அங்கதான் போவும். சிமிண்டு வாய்க்கா ஒண்ணு, தடுப்புச் சுவரு ஒண்ணு போடணும். நானூத்தி முப்பது ரூவா கூட ஆவும்" என்று பென்சிலை எடுத்து எஸ்டிமேட்டில் இரண்டு வரி எழுதினார்.

"ஏன்யா, கூஜா உமக்குச் சோசியமா சொல்லுது? ஒதுக்கினதுக்கு மேல போனா சர்க்கார் தள்ளிடும். அந்த ரெண்டு வரியையும் அடியும். பணம் வரட்டும். வாய்க்காலைப் பொறவு வெட்டிக்கிடலாம்."

"பொறவு யாரும் வெட்டமாட்டாவ முதலாளி."

"நான் வெட்டுறேன். என் வாக்கு போதாதா?"

"நீங்க இருக்கமட்டும் சரி. மாடு அதுக்குப் பொறவும் மோளுமே."

எனக்கு வந்த கோபத்தில் குடையை மடக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். அன்று தேதி மார்ச் இருபத்தேழு. என்னைக் கண்டால் தாசில்தார் கச்சேரியிலேயே நாற்காலி போடுவார்கள். இந்த மனிதர் குந்திய இடத்திலிருந்து அசையவில்லை. எஸ்டிமேட்டையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார்.

"அடிக்கணும்னா நீங்களே அடிங்க."

வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு வரிகளின் மேல் பென்சில் முனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் கிணற்றடிக்குப் போயிருந்தார். கூஜாவில்தான் சொட்டுத் தண்ணீர் இல்லையே. நீர் இறைத்துக்கொண்டிருந்த முத்தாத்தாளிடம், "தாகமா இருக்கு, செத்த ஊத்து தாயி" என்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி, குனிந்து, இரண்டு கைகளையும் குவித்துக் குடித்தார். நடுவில் ஒரு தரம் நிமிர்ந்து, என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கையைக் குவித்தார்.