தேயாத டயர்

ஓய்வுபெற்ற பல் டாக்டருக்கு மாப்பிள்ளையின் புது ஸ்போர்ட்ஸ் செடானைக் கண்டாலே இளக்காரம். அதே மாடலின் முதல் தலைமுறைக் கார் அவருடைய ஷெட்டில் கவர் போர்த்திக்கொண்டு நின்றது.

"ரெண்டாவது தலைமுறையில கம்பெனிக்காரன் ஸ்டியரிங்கைக் கெடுத்தான். மூணாவதுல கம்ப்யூட்டரை வச்சான். இப்ப உங்க வண்டி வளைவுல தானா பிரேக் போடுது. நீங்க எதுக்கு மாப்பிள்ளை உள்ள உட்கார்ந்திருக்கீங்க, துணைக்கா?"

சொத்தைப் பல் பார்க்கும் கம்பியைத் தன் டயரின் பள்ளத்தில் விட்டு ஆழம் காட்டுவார்.

"பத்து வருஷம். ஒரு நூல் தேயல. பிடின்னா இது பிடி!"

ஒரு தூறல் நாளில், வளைவு என்றால் என்னவென்று காட்ட மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தெருமுனையிலேயே வண்டி திரும்பாமல் வழுக்கி, முனைவீட்டு மதிலில் போய் முட்டியது.

மாப்பிள்ளை இறங்கி டயரை நகத்தால் அழுத்தினார். நின்ற இடத்திலேயே காய்ந்த ரப்பர், கல்லாக இறுகியிருந்தது.

"ரோடா போட்டிருக்கானுங்க, சோப்புக்கட்டி!" என்றார் டாக்டர்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அவர் மனைவி மதிலையும் அவரையும் பார்த்தாள்.

"வண்டி ஷெட்டை விட்டு எங்க வந்துச்சு, தேயறதுக்கு? பத்து வருஷமா ஊரைச் சுத்தினது உங்க வாய் மட்டும்தான்."