லத்தா வட்டம், டாலா வட்டம்

மக்தலேனாவுக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று பர்மாவில், ஆற்றின் அக்கரையில் அவள் குடியிருக்கும் டாலாவின் மாதா கோயிலில் சொல்வார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்! இக்கரை நகரத்து லத்தாவில் குடியிருப்பதாகச் சொல்லித்தான் அவள் மூன்று வருடமாக லத்தாவின் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். விண்ணப்பத்தில் எழுதியது நாத்தனார் வீட்டு முகவரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் மறைக்காவிட்டால் சோறே இல்லை. பள்ளிக்கூடத்து முதலாளி, பர்மிய மரியாதையாக எல்லாரும் "டோ" சேர்த்து அழைக்கும் சாந்தகுமாரி, "அக்கரை ஆட்கள்" என்று சொல்லும்போதே மூக்கைச் சுளிப்பவர். அவருடைய முன்னோரும் கப்பலேறி வந்த தமிழர்கள்தான். அது அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது.

உண்மை தெரிந்தவள் ஒருத்தி. பள்ளியில் கூட்டிப் பெருக்கும் ராமாயி. இருவருக்கும் டாலாவில் ஒரே பேட்டை, காலையில் ஒரே படகு. படகில் அக்கா, அக்கா என்று தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். கரை இறங்கியதும் பத்தடி பின்தங்கிவிடுவாள். பள்ளிக்குள் எல்லாரையும் போல "மிங்கலாபா சயாமா" என்று டீச்சருக்குரிய பர்மிய வணக்கம் வைத்துவிட்டு, முன்பின் தெரியாதவள் போல நடப்பாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மக்தலேனாவின் பெயர் அந்தப் பள்ளியில் நிலைத்தது வென் படத்தால். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு வட்டம் போடுவாள். இடப்பக்கம் ஒன்றுக்கு மட்டும் உரியது, வலப்பக்கம் மற்றதற்கு மட்டும் உரியது, நடுவில் இரண்டுக்கும் பொதுவானது. தவளையும் மீனும், புத்தரும் ஏசுவும், அம்மாவும் சித்தியும் என்று எதைக் கொடுத்தாலும் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுதுவார்கள். "நடு காலியா இருந்தா நாம சரியாப் பாக்கலைன்னு அர்த்தம்" என்பது அவள் தினமும் சொல்லும் விதி.

இந்த வருடம் நிரந்தர ஆசிரியர் பட்டியல் போடப்போவதாக அறிவித்தார்கள். பட்டியலில் பெயர் வந்தால் கோடை விடுமுறை இரண்டு மாதமும் சம்பளம் வரும். வராவிட்டால் போன வருடம் போல வெறும் கஞ்சி. கணவன் பாக்கியசாமிக்குத் துறைமுக வேலை போய் வருடம் ஒன்றாகிறது. பெற்றோர் முன்னிலையில் ஒரு மாதிரிப் பாடம் நடத்தவேண்டும் என்றார்கள். தலைப்பைச் சாந்தகுமாரியே கொடுத்தார்: லத்தாவும் டாலாவும். அதற்கு முந்தைய வாரம்தான் பிள்ளைகளை டாலாவுக்கு அழைத்துப் போய் அரிசிப் பொட்டலம் தானம் செய்திருந்தார். தெரிந்தவர்கள் யாராவது கூப்பிட்டுவிடுவார்களே என்று, அன்றைக்கு மக்தலேனா காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தாள்.

பாடம் தொடங்கியது. லத்தா வட்டத்தில் நகைக்கடை, ஐஸ்கிரீம், மின்விளக்கு. டாலா வட்டத்தில் சேறு, பாம்பு, திருட்டு, அரிசிக்கு வரிசை. "அங்க யாரும் குளிக்கமாட்டாங்க" என்றான் ஒரு பையன். பெற்றோர் சிரித்தார்கள். மக்தலேனா அதையும் எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. பெற்றோருக்குத் தேநீர்த் தட்டை நீட்டிக்கொண்டிருந்த ராமாயி அப்படியே நின்றுவிட்டாள்.

"சயாமா, நடு காலியா இருக்கே!" என்றாள் ரூபா என்ற சிறுமி.

அறையே மக்தலேனாவைப் பார்த்தது. சாந்தகுமாரியும் பார்த்தார். நடுவில் என்ன இருக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஒரு கணம் மார்க்கர் பேனா காகிதத்தில் பட்டும் படாமலும் நின்றது. பிறகு அவள் "ஆறு" என்று எழுதினாள்.

கைதட்டல். "எவ்வளவு சாமர்த்தியம்!" என்றார் சாந்தகுமாரி.

சாயங்காலப் படகில் ராமாயி வாய் திறக்கவில்லை. மக்தலேனாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"வேற என்ன செய்யச் சொல்றே, ராமாயி? நான் டாலான்னு தெரிஞ்சா வேலை போயிருக்கும்."

"நீங்க டாலான்னு யாரு அக்கா சொல்லச் சொன்னா?" ராமாயி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவங்க வீட்டுல சோறாக்குறது, புள்ளைங்கள வேன்ல ஏத்தி எறக்குறது, கக்கூஸ் கழுவுறது எல்லாம் நம்ம கரை சனம்தானே. நடுவுல பாடுபடுற சனம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா யாரு உங்களப் புடிச்சிருப்பா? நான் தட்டோட அங்கனயே நின்னேன். என்னயக்கூடவா கண்ணுக்குத் தெரியல?"

வேலைக்குப் பயந்துதான் அப்படி எழுதினோம் என்று அதுவரை மக்தலேனா தன்னையே தேற்றிக்கொண்டிருந்தாள். ராமாயி சொன்னதைக் கேட்டபிறகு அந்த ஆறுதலும் போயிற்று. அந்த வார்த்தை ஒரு ஆபத்தும் இல்லாத வார்த்தை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருடத்தில் அவளும் லத்தாக்காரியாகவே ஆகிப்போயிருந்தாள். அதுதான் வெட்கக்கேடு.

பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. அந்தப் படத்தைச் சாந்தகுமாரி பிளாஸ்டிக் உறை போட்டுப் பள்ளி வாசலில் மாட்டிவைத்தார். தினமும் அதை ஈரத்துணியால் துடைப்பது ராமாயியின் வேலை. குளிக்காதவர்கள் என்ற வரியையும் சேர்த்துத்தான் துடைக்கிறாள். மக்தலேனா உள்ளே நுழையும்போது துணியைக் கையில் பிடித்தபடி "மிங்கலாபா சயாமா" என்கிறாள்.

இப்போதெல்லாம் படகிலும் அப்படித்தான் சொல்கிறாள்.