புல்லுக்கு அஞ்சு எச்பி

உதடு வீங்கிக் கிடக்கிறது. போனில் வாயால் சொல்லித்தான் இதைப் பதிகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை அருப்புக்கோட்டை மோட்டார் கடையில் என் தம்பி மகனைப் பார்த்தேன். வெளிநாட்டில் சம்பாதித்து வந்து வீடு கட்டி, வாசலில் புல்தரை போட்டிருக்கிறான். அதற்குத் தண்ணீர் பாய்ச்ச சப்மெர்சிபிள் மோட்டார் எடுத்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் படிக்கத் தெரியாது. மோட்டாரின் நீளத்தைப் பார்த்ததுமே அஞ்சு எச்பி என்று தெரிந்துவிட்டது.

எங்களுடையது பங்குக் கிணறு. கரண்டு வந்த அன்று அவன் அப்பனும் நானும் பேசிய பேச்சு: இரண்டு பேருக்கும் மூன்று எச்பிதான், ஒருநாள் விட்டு ஒருநாள் முறை.

"பெரியப்பா, புல்லுக்குத்தான். அரை மணி நேரம் ஓட்டுனாப் போதும்."

"ஏலே, அந்தக் கெணத்துல இருக்கதே அரை மணி நேரத் தண்ணிதான். என் பருத்தி என்னத்தக் குடிக்கும்?"

"வயசான காலத்துல பருத்தி எதுக்கு? பேசாம நம்ம புல்லுல வந்து காத்து வாங்குங்க."

கடைக்காரர் சிரித்தார். கைக்கு அகப்பட்ட இரும்புக் குழாயை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். ரத்தம் அவன் கண்ணில் இறங்கியது. அவன் என் கழுத்தைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அதே மோட்டாரை வாங்கிப் போய்விட்டான். நாளைக்கு இறக்குகிறானாம்.

நாளை என் முறை. அரிவாளோடு கிணற்றடியில்தான் இருப்பேன். மோட்டாரை இறக்கும் கயிற்றை மட்டும்தான் வெட்டுவேன். ஆனால் கண் முன்னைப்போல் இல்லை, கயிறு எது கை எது என்று தெரிவதில்லை. மோட்டார் இறக்க வருகிற மெக்கானிக் நம்ம ஆளாக இருந்தால் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.