உம்மா என்று சொல்ல ஏலாத இடம்

தம்பி துறைமுகத்துப் பக்கத்துக் கடற்படைப் பயிற்சிக் கூடத்தில் அதிகாரியாகப் படிக்கச் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் எங்களைப் பார்க்க விட்டார்கள். அந்த ஆறு மாதமும் உம்மாவுக்கு ஒரே கதைதான். "அவன் வாயால உம்மா எண்டு கேட்டு எத்தின நாளாச்சு!" என்பார். வேறு ஒன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக மூதூரில் லாஞ்சி ஏறினோம், வாப்பா, உம்மா, அவனுடைய ராத்தா நான், மூவரும். குடாவில் நல்ல அலை. எனக்கு இரண்டு தரம் சத்தி வந்து கடலுக்குள் கக்கினேன். மகனுக்கென்று மடியில் வைத்திருந்த தயிர்ச்சட்டியை உம்மா அசையவே விடவில்லை.

வாசலில் காவலுக்கு நின்றவனுக்கு என் வயதுகூட இராது. எங்கள் கடையில் வாப்பா ஒரு சத்தம் போட்டால் மூட்டை தூக்குகிறவர்கள் அடங்கிப்போவார்கள். படுக்கும்போது மட்டும் கழற்றுகிற தொப்பியை அந்த மனிதர் அந்தப் பொடியனுக்கு முன்னால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். அவன் சட்டியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். மேசையில் கிடந்த, கோடு போடுகிற அடிமட்டத்தை எடுத்துத் தயிருக்குள் விட்டுக் கிண்டினான். மை பட்டு அழுக்கேறின அடிமட்டம்!

"பரவாயில்ல சேர், நல்லாப் பாருங்க சேர்" என்று வாப்பா பல்லைக் காட்டினார். சீ என்று போய்விட்டது எனக்கு.

பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு மண்டபம் இருந்தது. நாலைந்து குடும்பங்கள் கதிரைகளில் இருந்தன. தம்பி வெள்ளை உடுப்போடு, ஒட்ட வெட்டின தலையோடு, சப்பாத்துச் சத்தம் கேட்க வந்தான். உம்மா எழுந்து நின்றுவிட்டார். பெற்ற பிள்ளைக்கு எழுந்து நிற்கிற தாயை அன்றைக்குத்தான் கண்டேன்.

"ஹலோ மம்மி" என்றான்.

உம்மா திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரோ பெண்ணைக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி வழியும் விட்டார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஆருடா மம்மி?" என்று நான் கேட்டேன். "ஆறு மாசத்தில உனக்குப் புதுசா ஒரு தாய் பொறந்திட்டாவோ?"

"மெதுவாக் கதைங்க ராத்தா." அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "இங்க உம்மா எண்டு சொல்ல ஏலாது. இவங்கட சிங்களத்தில உம்மா எண்டா முத்தம். வந்த புதுசில எனக்குக் காய்ச்சல். அறிவில்லாமக் கிடந்து உம்மா உம்மா எண்டு புலம்பியிருக்கன். அதில இருந்து என்னைக் கண்டா எல்லாரும் சொண்டைக் குவிச்சுக் காட்டுறாங்கள்."

உம்மா இதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். "காய்ச்சலோ? எப்ப மகன்? ஆரு உன்னைப் பார்த்தது?"

அவன் பதில் சொல்லுமுன் அவனுடைய கூட்டாளி ஒருவன் வந்தான். நல்ல குடும்பத்துப் பிள்ளை போலத்தான் இருந்தான். கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை, தயிருக்குள் விரலை விட்டு வழித்து வாயில் வைத்தான். பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உதட்டைக் குவித்து, "உம்ம்மா!" என்று சப்புக்கொட்டினான்.

தம்பி சிரித்தான். மனமில்லாமல் சிரித்தான் என்று இன்றைக்கும் சிலர் அவனுக்காகப் பேசுவார்கள். இருக்கட்டும், சிரித்தான்தானே! அதைவிடக் கேவலம், என்ன ஏது என்று விளங்காமலே வாப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்த விரலைக் கடித்துத் துப்ப வேண்டும் போல் இருந்தது. ஆனால் மூதூரில் வீடு வீடாகப் போய், "என்ட தம்பி அதிகாரியாகப் போறான்" என்று பீற்றிக்கொண்டு திரிந்தவளும் நான்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தூ, என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

உம்மா சட்டியைத் துணியால் மூடி, முன்பு கட்டியிருந்த மாதிரியே இறுக்கிக் கட்டினார்.

நேரம் முடிந்து மணி அடித்தது. தம்பி வாசல்வரைக்கும் கூட வந்தான். அடிமட்டக்காரன் அங்கேதான் நின்றான். வாப்பா அவனைக் கண்டதும் மறுபடியும் தொப்பியைக் கழற்றினார்.

"போயிட்டு வாங்க மம்மி" என்றான் தம்பி.

உம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். யாரையும் குத்திப் பேசத் தெரியாத மனிசி அவர். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாப்பா சொன்ன அதே பணிவான குரலில் சொன்னார்.

"ஓம் சேர். போயிட்டு வாறம் சேர்."

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. வாயைத் திறந்தான். அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு உதடு குவிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், சொல்லடா, ஒருக்கால் சொல்லித் துலையடா என்று. காவல்காரன் அவனுடைய உதட்டைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். தம்பி வாயை மூடிக்கொண்டு, குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"லாஞ்சி போயிரும், வாங்க" என்றார் வாப்பா. உம்மா அதற்கு முன்னமே நடக்கத் தொடங்கியிருந்தார்.